'வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவேன்?' தென்காசிப் பெண்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இலவசச் சட்ட உதவி

"கோர்ட்டுக்குப் போகலாம்தான்க்கா, வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவேன்?"

தென்காசி, கடையம், பாவூர்சத்திரம், ஆலங்குளம் பக்கத்தில் பீடித் தட்டை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்களுக்கிடையே பேச்சு எங்கெங்கோ போகும். யாரோ ஒருத்தியின் புருஷன் குடித்துவிட்டு அடித்தது, யாரோ ஒருத்தியை மாமியார் வீட்டில் ராத்திரியோடு ராத்திரியாக வெளியே தள்ளியது என்று திரும்பினால், அந்தப் பேச்சு கடைசியில் வந்து நிற்கும் இடம் இந்தக் கேள்விதான். அதற்குமேல் யாரும் பேசுவதில்லை. இலையும் தூளும் கையில் ஓடிக்கொண்டிருக்கும். அடுத்த நாள் கட்டு கணக்குச் சரியாக இருக்க வேண்டுமே!

இந்தக் கேள்விக்குப் பதில் ஒன்று இருக்கிறது. அது வந்து முப்பது வருஷமாகிறது. ஒரு ரூபாய்கூட வேண்டாம் என்பதுதான் அந்தப் பதில்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-ல் நிறைவேறி, 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. இதன் 12-வது பிரிவு, யாருக்கெல்லாம் அரசு செலவில் வழக்கறிஞர் வைத்துக்கொடுக்க வேண்டும் என்று பட்டியலிடுகிறது. பட்டியல் சாதி, பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள், வெள்ளம் போன்ற பேரிடரில் சிக்கியவர்கள், குறிப்பிட்ட வரம்புக்குக் கீழே வருமானம் உள்ளவர்கள் என்று அது நீள்கிறது. அதில் எந்த நிபந்தனையும் இல்லாமல் நிற்கும் ஒரு சொல், 'பெண்'. ஏழைப் பெண் என்றோ, விதவை என்றோ, கைவிடப்பட்டவள் என்றோ அடைமொழி எதுவும் கிடையாது. பெண் என்றால் போதும். புருஷன் அரசு ஊழியரா, அப்பாவுக்குத் தோப்பு இருக்கிறதா, கழுத்தில் சங்கிலி கிடக்கிறதா என்பதெல்லாம் கணக்கே இல்லை. வருமானச் சான்றிதழ் வாங்க வி.ஏ.ஓ. ஆபீஸுக்கும் தாலுகா ஆபீஸுக்கும் அலைய வேண்டியதில்லை.

இந்த ஒரு வரியைத் தெரிந்துவைத்திருக்கும் பெண்கள் எத்தனை பேர் என்பதுதான் கேள்வி.

நூறில் 38

தேசியக் குடும்பநல ஆய்வு 2019-21 காலகட்டத்தில் எடுக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, திருமணமான பெண்களில் 38.1 சதவிகிதம் பேர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொன்னார்கள். முந்தைய ஆய்வில் இது 40.6 ஆக இருந்தது, கொஞ்சம் குறைந்திருக்கிறது. ஆனால் நாட்டின் சராசரி 29.3தான். படிப்பிலும் வேலையிலும் முன்னால் நிற்கும் மாநிலம், இந்தக் கணக்கிலும் முன்வரிசையில் நிற்பது யோசிக்கவேண்டிய விஷயம். அதே ஆய்வு இன்னொன்றையும் சொல்கிறது. இந்தியா முழுக்க வன்முறைக்கு ஆளான பெண்களில் எங்காவது போய் உதவி கேட்டவர்கள் 14 சதவிகிதம். நான்கில் மூன்று பேருக்கு மேல் யாரிடமும் வாயே திறக்கவில்லை.

அந்த 14 சதவிகிதத்திலும் பெரும்பகுதி அம்மா, அக்கா, அத்தை என்று சொந்தத்துக்குள் சொல்லி அழுதவர்கள். சொந்தம் என்ன செய்யும்? ஊர்ப் பெரியவர்களைக் கூப்பிட்டுப் பேசும். "பிள்ளைகளுக்காகப் பொறுத்துப் போ மக்கா" என்று பஸ் ஏற்றிவிடும்.

எங்கே போவது?

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22-ல்தான். அதுவரை கலெக்டர், எஸ்.பி. என்று எதற்கும் ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் திருநெல்வேலி போக வேண்டும். புளியரையிலிருந்தோ சிவகிரியிலிருந்தோ கிளம்பும் பெண்ணுக்கு அது ஒரு நாள் கூலியும் ஒரு நாள் பொய்யும். வீட்டில் ஏதாவது சொல்லிவிட்டுத்தானே கிளம்ப வேண்டும்!

சட்ட உதவிக்கு அன்றைக்கும் திருநெல்வேலி வரை போகவேண்டிய கட்டாயம் இல்லை, இன்றைக்கும் இல்லை. இது பலருக்குத் தெரியாது. இந்த ஏற்பாடு நாட்டின் தலைநகரிலிருந்து தாலுகா வரை படிப்படியாக இறங்கி வருகிறது. டெல்லியில் தேசிய ஆணைக்குழு, சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் மாநில ஆணைக்குழு, மாவட்டத்தில் முதன்மை மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்ட மாவட்ட ஆணைக்குழு, அதற்குக் கீழே வட்ட சட்டப் பணிகள் குழு. தென்காசி, செங்கோட்டை, சங்கரன்கோவில் என்று நீதிமன்றம் இருக்கும் ஊருக்குப் போய், வளாகத்துக்குள் நுழைந்து, "சட்டப் பணிகள் குழு ஆபீஸ் எங்கே?" என்று கேட்டால் போதும். வெளியே திண்ணையில் டைப் அடிப்பவரோ, டீக்கடைக்காரரோகூட வழி காட்டிவிடுவார். "சார், என்ன கேஸு?" என்று நடுவில் யாராவது பையைத் தூக்க வந்தால் நிற்க வேண்டாம்.

உள்ளே என்ன நடக்கும்? ஒரு பக்க விண்ணப்பம், தமிழில் எழுதலாம். எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னாலே போதும், அங்கிருப்பவர்கள் எழுதிக்கொள்ள வேண்டும் என்று விதியே இருக்கிறது. அதற்குப் பிறகு ஆணைக்குழுவின் பட்டியலில் உள்ள வழக்கறிஞர் ஒருவரை நியமிப்பார்கள். அவருடைய ஃபீஸ், நீதிமன்றக் கட்டணம், சம்மன் அனுப்பும் செலவு, தீர்ப்பு நகல் வாங்கும் செலவு எல்லாம் அரசுடையது. அந்த வழக்கறிஞர் கட்சிக்காரரிடம் கைநீட்டிப் பணம் வாங்கக் கூடாது. 'ஜெராக்ஸ் செலவு', 'குமாஸ்தா படி' என்ற பெயரிலும் கூடாது. கேட்டால் ஆணைக்குழுச் செயலரிடம் புகார் கொடுக்கலாம். வேறு வழக்கறிஞரைக் கேட்கவும் உரிமை உண்டு. விண்ணப்பத்தையே நிராகரித்துவிட்டால் தலைவரான நீதிபதியிடம் முறையிடலாம்.

நேரில் போக முடியாதவர்களுக்கு 15100 என்ற எண் இருக்கிறது. இது சட்ட உதவிக்கான தேசிய எண். அடி விழுந்துகொண்டிருக்கும் நேரத்துக்கு இது உதவாது. அதற்கு 181 பெண்கள் உதவி எண்ணும், 112 அவசர எண்ணும். இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

போலீஸ் சொல்ல வேண்டியது

அடிபட்ட பெண் முதலில் போவது வக்கீலிடம் அல்ல, மகளிர் காவல் நிலையத்துக்குத்தான். தமிழ்நாட்டில் 1992-ல் தொடங்கிய ஏற்பாடு அது. பெண்கள் தயங்காமல் படியேறுகிறார்கள் என்றால் அதற்கு அந்த நிலையங்கள் முக்கியக் காரணம். அங்கே போய் நின்றதும் நடப்பது பெரும்பாலும் ஒரே மாதிரி. மனுவை வாங்குவார்கள். சி.எஸ்.ஆர். ரசீது ஒன்று கொடுப்பார்கள். புருஷனுக்கு போன் போகும். இரண்டு தரப்பையும் உட்காரவைத்துப் பேசுவார்கள். "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று அவன் எழுதிக் கொடுப்பான். அவள் கையெழுத்துப் போடுவாள். இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் வீட்டுக்குப் போவார்கள்.

பேசிப் பார்ப்பது தப்பில்லை. பல பெண்கள் விரும்புவதும் அதைத்தான். அவர்களுக்கு வேண்டியது விவாகரத்து அல்ல, அடி நிற்க வேண்டும், அவ்வளவே. ஆனால் பேச்சுவார்த்தையோடு ஃபைலை மூடிவிடுவதுதான் தப்பு. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம் 2005-ல் வந்து, 2006 அக்டோபர் 26 முதல் அமலில் இருக்கிறது. அதன் 5-வது பிரிவு மிகத் தெளிவாக ஒன்று சொல்கிறது: புகாரைக் கேட்கும் காவல் அதிகாரி, அந்தப் பெண்ணிடம் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும். பாதுகாப்பு உத்தரவு கேட்டு மனுப் போடலாம் என்பது ஒன்று. பாதுகாப்பு அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார் என்பது ஒன்று. விரும்பினால் கிரிமினல் புகாரும் கொடுக்கலாம் என்பது ஒன்று. இலவசச் சட்ட உதவிக்கு உனக்கு உரிமை இருக்கிறது என்பதும் அதே பட்டியலில் இருக்கிறது.

அதாவது, தெரிந்து வைத்துக்கொண்டு கேட்க வேண்டியது அவள் பொறுப்பல்ல. சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. எத்தனை நிலையங்களில் இதைச் சொல்கிறார்கள்? சொல்லியிருந்தால் 'வக்கீல் ஃபீஸுக்கு எங்கே போவேன்' என்ற கேள்வி இத்தனை வருஷம் உயிரோடு இருந்திருக்காது. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றமே இதைப் பேச வேண்டிவந்தது. மாவட்ட, தாலுகா அளவில் பாதுகாப்பு அலுவலர்களை நியமியுங்கள், பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு என்பதை ஊரறியச் சொல்லுங்கள் என்று நீதிபதி நாகரத்னா அமர்வு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. சட்டம் வந்து இருபது வருஷம் ஆகப்போகும் நேரத்தில்!

பாதுகாப்பு அலுவலர் தமிழ்நாட்டில் சமூகநலத் துறையின் கீழ் வருகிறார். மாவட்ட சமூகநல அலுவலகத்தில் கேட்டால் தெரியும். வரதட்சணைத் தடுப்பு அலுவலரும் அங்கேதான். பாதிக்கப்பட்டவளின் கதையைக் கேட்டு, 'குடும்ப நிகழ்வு அறிக்கை' என்ற படிவத்தைப் பூர்த்தி செய்து மாஜிஸ்திரேட்டுக்கு அனுப்புவது, சட்ட உதவி, மருத்துவ உதவி, தங்குமிடம் கிடைக்கச் செய்வது எல்லாம் இவர் வேலை. மத்திய அரசு 2015-ல் கொண்டுவந்த 'சகி' ஒருங்கிணைந்த சேவை மையம் இன்னொரு கதவு. பிள்ளைகளோடு வெளியே வந்துவிட்டாள், அம்மா வீட்டுக்கும் போக முடியாது என்றால் சில நாள் தங்கவும், வைத்தியம் பார்க்கவும், மனம் விட்டுப் பேசவும், சட்ட ஆலோசனை கேட்கவும் அது ஒரே இடம்.

இன்னொரு விஷயம் அக்கம்பக்கத்தாருக்கு. அடுத்த வீட்டுச் சத்தம் கேட்டுவிட்டு, "நமக்கெதுக்கு வம்பு" என்று டி.வி. சத்தத்தைக் கூட்டுகிறோம் அல்லவா? வன்முறை நடக்கிறது என்று நம்புகிற யார் வேண்டுமானாலும் பாதுகாப்பு அலுவலருக்குத் தகவல் தரலாம். நல்ல எண்ணத்தோடு சொன்னவர் மீது வழக்கு வராது என்று அதே சட்டம் காப்பும் கொடுக்கிறது.

வீடு யாருடையது?

அடியைவிடப் பெண்கள் பயப்படுவது தெருவுக்குத்தான். "வீடு அவங்க அப்பா பேர்ல இருக்கு. போடின்னா போகத்தானே வேணும்?" என்பதே பொதுவான நம்பிக்கை.

அப்படிப் போக வேண்டியதில்லை. இந்தச் சட்டத்தின் 17-வது பிரிவு, பகிர்ந்து வாழும் வீட்டில் குடியிருக்கும் உரிமையை அவளுக்குத் தருகிறது. பத்திரத்தில் அவள் பெயர் இருக்கிறதா என்பது பொருட்டில்லை. நடுவில் கொஞ்ச காலம் இது ஆட்டம் கண்டது. 2006-ல் வந்த ஒரு தீர்ப்பு, மாமனார் மாமியாருக்குச் சொந்தமான வீட்டில் மருமகள் உரிமை கேட்க முடியாது என்று சொல்லிவிட்டது. ஏறக்குறைய 14 வருஷம் எத்தனையோ பெண்கள் அந்தத் தீர்ப்பைக் காட்டியே வெளியே அனுப்பப்பட்டார்கள். 2020 அக்டோபரில் சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அதை மாற்றியது. கணவனின் உறவினருக்குச் சொந்தமான வீடாக இருந்தாலும், அவள் அங்கே குடும்பமாக வாழ்ந்திருந்தால் அது பகிர்ந்து வாழும் வீடுதான். வயதான மாமனார் மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் பார்க்கும். சில சமயம் அதே வசதியுள்ள வேறு வீடு ஏற்பாடு செய்து தரச் சொல்லும். ஆனால் ராத்திரியோடு ராத்திரியாகத் தெருவில் நிறுத்த முடியாது.

அதற்கும் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-ன்படி ஆர்.டி.ஓ.விடம் பெரியவர்கள் பெயரில் ஒரு மனு, "மருமகள் தொல்லை தாங்கவில்லை, வீட்டைக் காலி செய்யச் சொல்லுங்கள்." மகன் பின்னால் நின்று எழுதிக் கொடுத்த மனு. 2020 டிசம்பரில் வனிதா என்பவரின் வழக்கில், அந்தச் சட்டத்தைக் காட்டிப் பெண்ணின் குடியிருப்பு உரிமையை அழிக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

மாஜிஸ்திரேட் இன்னும் என்னவெல்லாம் செய்யலாம்? அவனையே வீட்டைவிட்டு வெளியே இரு என்று சொல்லலாம். அவள் வேலை செய்யும் இடத்துக்கோ பிள்ளைகளின் பள்ளிக்கூடத்துக்கோ வரக் கூடாது என்று தடை போடலாம். மாதாமாதம் பணம் கொடுக்கச் சொல்லலாம்; கொடுக்காவிட்டால் அவன் முதலாளியிடமே சம்பளத்தில் பிடித்துக் கொடுக்கச் சொல்லலாம். பிள்ளைகளைத் தற்காலிகமாக அவளிடம் ஒப்படைக்கலாம். நகையைத் திருப்பித் தரச் சொல்லலாம். மனு கொடுத்த மூன்று நாளுக்குள் முதல் விசாரணை, அதிலிருந்து 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். அவசரம் என்றால் எதிர்த்தரப்பு வருமுன்பே இடைக்கால உத்தரவு போடலாம். பாதுகாப்பு உத்தரவை மீறினால் ஒரு வருஷம் வரை சிறை, 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

60 நாள் என்பது காகிதத்தில்தான். வாய்தா, சம்மன் சேரவில்லை, எதிர்த்தரப்பு வக்கீல் வரவில்லை என்று மாதக்கணக்கில் இழுக்கும் வழக்குகளே அதிகம். ஒவ்வொரு வாய்தாவும் பீடி சுற்றும் பெண்ணுக்கு ஒரு நாள் கூலி. அதனால்தான் இடைக்கால உத்தரவு என்ற சொல்லை அவள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். முதல் நாளே, "இறுதித் தீர்ப்பு வரட்டும் சார், அதுவரைக்கும் சாப்பாட்டுக்கும் இருக்கிற இடத்துக்கும் இடைக்கால உத்தரவு வாங்கிக் குடுங்க" என்று வழக்கறிஞரிடம் கேட்டுவிட வேண்டும். அரசு கொடுக்கும் வழக்கறிஞர்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. சொந்த வழக்கைப்போல ஓடுகிறவர்களும் உண்டு. கிடைக்கும் சொற்ப ஃபீஸுக்கு இது போதும் என்று தேதி வாங்குகிறவர்களும் உண்டு. கேட்பவளுக்குத்தான் வேலை வேகமாக நடக்கிறது.

எல்லை தாண்டிய கல்யாணம்

தென்காசி எல்லை மாவட்டம். செங்கோட்டைப் பகுதியே 1956 நவம்பர் 1 வரை கேரளத்துப் பக்கம் இருந்ததுதான். ஆரியங்காவு, புனலூர், கொல்லம் என்று மலைக்கு அந்தப் பக்கம் பெண் கொடுப்பதும் எடுப்பதும் இன்றைக்கும் நடக்கிறது. கடையநல்லூர், தென்காசி பக்கம் மாப்பிள்ளை வளைகுடா நாட்டில் இருப்பார். பிழைப்புக்காகத் திருப்பூருக்கோ சென்னைக்கோ போன குடும்பங்கள் ஏராளம். அடி விழுந்தது அங்கே. அவள் ஓடிவந்தது குற்றாலத்துக்கோ இலஞ்சிக்கோ அம்மா வீட்டுக்கு. வழக்குக்காக மறுபடி அங்கே போய் லாட்ஜ் எடுத்துத் தங்க வேண்டுமா?

வேண்டாம். அவள் நிரந்தரமாகவோ தற்காலிகமாகவோ தங்கியிருக்கும் ஊரின் மாஜிஸ்திரேட்டிடமே மனு கொடுக்கலாம். அவர் போடும் உத்தரவு இந்தியா முழுக்கச் செல்லும். போலீஸ் புகாரும் அப்படித்தான். 2024 ஜூலை 1-ல் வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில், குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் தகவலை வாங்கிப் பதிவு செய்ய வேண்டும் என்பது எழுத்திலேயே வந்துவிட்டது. "இது எங்க லிமிட் இல்லம்மா" என்று திருப்பி அனுப்பக் கூடாது. பழைய 498-ஏ இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86 பிரிவுகள். ஜீவனாம்சத்துக்கான பழைய 125 இப்போது 144. எண் மாறியிருக்கிறது, உரிமை மாறவில்லை.

ஜீவனாம்சத்தில் முஸ்லிம் பெண்களுக்கு வெகுநாள் குழப்பம் இருந்தது. 1985-ல் ஷா பானு வழக்கில் தொடங்கிய விவாதம் அது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் இந்தப் பொதுச் சட்டத்தின்கீழ் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் உறுதி செய்திருக்கிறது. ஜமாத்தில் பேசி முடித்தாகிவிட்டது என்பதால் நீதிமன்றக் கதவு மூடிவிடாது. ஜீவனாம்சம் மனு போட்ட தேதியிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும் என்பது 2020 நவம்பர் தீர்ப்பு. வழக்கை இழுத்தடித்தால் லாபம் என்று நினைக்கிறவர்களுக்கு இது ஒரு கடிவாளம்.

'வழுக்கி விழுந்தேன்'

அரசு ஆஸ்பத்திரிக்கு வரும் பெண்ணிடம் டாக்டர் கேட்பார், "எப்படிம்மா அடிபட்டது?" பக்கத்தில் புருஷனோ மாமியாரோ நிற்பார்கள். "பாத்ரூம்ல வழுக்கி விழுந்துட்டேன் டாக்டர்." அந்த வாக்கியம் விபத்துப் பதிவேட்டில் ஏறிவிடும். ஏ.ஆர். காப்பி என்று சொல்வார்களே, அதுதான். ஆறு மாதம் கழித்து நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வீசுவதும் அந்தக் காகிதத்தைத்தான். உண்மையைச் சொல்ல முடியாத சூழ்நிலை என்றால், தனியாகப் பேசவேண்டும் என்று நர்ஸிடமாவது சொல்லிவிட வேண்டும்.

நகைக்கும் இதே கதை. கல்யாணத்தில் கொடுக்கும் அன்பளிப்புகளுக்குப் பட்டியல் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்திட வேண்டும் என்று 1985 முதல் விதி இருக்கிறது. இந்தப் பக்கத்தில் மொய் எழுத இரண்டு நோட்டுப் போடுவார்கள். சீருக்குப் பட்டியல் போட்ட வீட்டைத் தேட வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால் நகைக்கடை பில், கல்யாண ஆல்பம், வீடியோ எல்லாமே உதவும். மிரட்டி வந்த வாட்ஸ்அப் செய்தியை அழுகையோடு அழித்துவிடாமல் வைத்திருப்பது, சி.எஸ்.ஆர். ரசீதைப் பத்திரமாக வைப்பது, பீடிக் கடை பாஸ் புத்தகம் யார் கையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வது எல்லாம் அன்றைக்குச் சின்ன விஷயமாகத் தெரியும். பி.எஃப். பணத்துக்கும் நலவாரிய உதவிக்கும் அந்தப் பாஸ்தான் ஆதாரம். அதைப் பிடுங்கிவைத்துக்கொள்வதும் சட்டத்தின் கண்ணில் பொருளாதார வன்முறையே. கைநீட்டி அடித்தால் மட்டும்தான் வன்முறை என்றில்லை. சம்பளத்தைப் பறிப்பது, சாப்பாட்டுக்குக் காசு தராமலிருப்பது, நாலு பேர் முன்னால் நடத்தையைப் பற்றிப் பேசிக் கூசவைப்பது எல்லாம் அதில் அடங்கும்.

இது தர்மம் இல்லை

இலவசம் என்றதும் யாரோ இரக்கப்பட்டுக் கொடுக்கிறார்கள் என்ற எண்ணம் வந்துவிடுகிறது. 1970-களில் நீதிபதிகள் வி.ஆர்.கிருஷ்ண ஐயரும் பி.என்.பகவதியும் சட்ட உதவி பற்றிய குழுக்களில் இருந்து அறிக்கைகள் எழுதியபோதே எதிர்த்தது இந்த எண்ணத்தைத்தான். பணமில்லை என்பதால் ஒருவருக்கு நீதி மறுக்கப்படக் கூடாது என்று அரசியல் சாசனத்தில் 39-ஏ பிரிவு சேர்ந்தது 1976-ல். 1979-ல் பீகார் சிறைகளில் விசாரணையே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்த ஏழைகளைப் பற்றிய ஹுசைனாரா காத்தூன் வழக்கில், வக்கீல் வைக்க வசதியில்லாத கைதிக்கு இலவசச் சட்ட உதவி தருவது அரசின் கடமை என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. நீதிமன்றத்தில் யாரோ ஒருவர் போட்ட சண்டையின் பலன்தான் இன்றைக்குத் தென்காசியில் கிடைக்கும் வழக்கறிஞர்.

2014-ல் திருநங்கைகளை மூன்றாம் பாலினமாக அங்கீகரித்த தீர்ப்பில் மனுதாரரே தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுதான் என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். வழக்கறிஞர் கொடுப்பதோடு நிற்காமல், வழக்குத் தொடுக்கவும் செய்கிறது அது.

மகன் அடித்துத் துரத்தும் தாயும் இந்தக் குடும்ப வன்முறைச் சட்டத்துக்குள் வருவாள். அது மருமகளுக்கு மட்டுமான சட்டம் இல்லை. அக்கா தங்கை, விதவை, திருமணம் போன்ற உறவில் வாழ்ந்தவள் எல்லோருக்கும் இடம் உண்டு. தாய் விரும்பினால் மூத்த குடிமக்கள் சட்டத்தின்கீழ் ஆர்.டி.ஓ.விடம் போய் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகை கேட்கலாம். சீசன் நேரத்தில் குற்றாலம் பேரருவிச் சாலையில் மங்குஸ்தானும் ரம்புட்டானும் விற்கும் பாட்டிகளில் சிலர் யாருக்காக அந்த வயதில் மழையில் நிற்கிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

மக்கள் நீதிமன்றம் பற்றி ஒரு எச்சரிக்கை. லோக் அதாலத் என்ற இந்த ஏற்பாடு நல்லதுதான். கட்டணம் இல்லை, ஒரே நாளில் முடியும், கட்டிய நீதிமன்றக் கட்டணம்கூடத் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கையெழுத்திட்ட உடன்பாட்டுக்கு மேல்முறையீடு கிடையாது. "இன்னைக்கே முடிச்சிருவோம்" என்று நாலு பேர் சேர்ந்து சொல்லும்போது, தொகை எவ்வளவு, எந்தத் தேதிக்குள், பிள்ளைகள் யாரிடம், நகை எப்போது என்று முழுவதும் படித்துக்காட்டச் சொல்லிவிட்டுத்தான் பேனாவைத் தொட வேண்டும். சம்மதமில்லை என்றால் வழக்கு பழைய இடத்திலேயே தொடரும். யாரும் கட்டாயப்படுத்த முடியாது.

போகும்போது என்ன எடுத்துப் போவது? ஆதார், ரேஷன் கார்டு நகல், கல்யாணப் பத்திரிகை அல்லது போட்டோ, பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஏ.ஆர். காப்பி, ரசீதுகள் இருந்தால் நல்லது. எதுவும் இல்லாமல், கட்டிய சேலையோடு ஓடிவந்தவளும் மனு கொடுக்கலாம். அவளுடைய காகிதங்கள் எல்லாம் அந்த வீட்டுப் பீரோவுக்குள் மாட்டிக்கொண்டிருந்தால், அவற்றை மீட்டுத் தரச் சொல்லியே மாஜிஸ்திரேட்டிடம் கேட்கலாம்.